முடிச்சுப் போட்ட கயிறு

“கயித்தை அறுக்காதீங்க! நான் இறங்குறேன்!”

மருதி போட்ட சத்தத்தில் ஆழ்வாய்க்குச் சற்றுத் தள்ளி நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. கயிற்றுத் தலைவர் பூதன் மாமா மட்டும், மற்றவர்கள் திரும்பியதைப் பார்த்துக் கடைசியாகத் திரும்பினார். அவர் கையில் அரிவாள் இருந்தது.

ஆழ்வாய் என்பது கார்முடி மலையின் நடுவே வாய் பிளந்து கிடக்கும் பெரும் பள்ளம். மேலே நின்று எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. அதன் விளிம்பில் குடியிருக்கும் கயிற்றூர்க்காரர்களுக்கு அதுதான் வயல், அதுதான் கடல். கயிற்றைக் கட்டி இறங்கிப் பாறைத் தேனும் மருந்துப் பாசியும் எடுத்து வருவார்கள். ஆனால் பாதி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே போக அந்த ஊரில் எந்தச் சூரனுக்கும் துணிச்சல் கிடையாது. போனவர்கள் திரும்பியதில்லை.

மருதியின் அண்ணன் அந்துவன் போய்விட்டான்! அடியில் குளிர்மணி என்று ஒரு கல் இருக்கிறதாம், நெற்றியில் வைத்தால் எந்த நோயும் பறந்துவிடுமாம். அதைத் தேடி முந்தாநாள் இறங்கியவனிடமிருந்து ஒரு குரலும் இல்லை. பேராசை பிடித்தவன் என்று ஊர் பேசியது.

கீழே போனவனிடமிருந்து சத்தம் வராவிட்டால் கயிற்றை அறுத்துவிடுவது கயிற்றூர் வழக்கம். செத்தவனின் உயிர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கக் கூடாதாம். அன்று காலை அதற்காகத்தான் கூடியிருந்தார்கள்.

“நீயா இறங்கப் போறே?” என்றார் பூதன் மாமா, மருதியின் வாயையே உற்றுப் பார்த்தபடி. யாரிடம் பேசினாலும் அப்படி உற்றுப் பார்ப்பது அவர் பழக்கம். பெரிய மனிதருக்கு என்ன மரியாதை என்று ஊரார் மெச்சிக்கொள்வார்கள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மருதி பார்ப்பதற்கு நல்ல வாட்டசாட்டமான பெண். ஆனால் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் ஒன்பது இடத்தில் உட்காருவாள். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் படுக்கையை விட்டு எழுவாள். ஊரில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். அவளுடைய விரல் மூட்டும் முழங்காலும் விடியற்காலையில் நெருப்பாய் எரிவது யாருக்குத் தெரியும்? வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சலும் இல்லை. எதைக் காட்டி வலிக்கிறது என்று சொல்வாள்? சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒருநாள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

“ஒரு குடம் தூக்க உடம்பு வணங்காதவ, புருஷனைத் தூக்கிட்டு வரப் போறாளாம், என் புருஷனை!” என்றபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் தாழை. அந்துவனின் மனைவி, மருதியின் அண்ணி. அழுது அழுது கண் சிவந்திருந்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை. “நானும் இறங்குறேன். எழுதி வச்சுக்கோங்க மாமா, அவரைக் கூட்டிட்டுத்தான் வருவேன்!”

பூதன் மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டு ஆட்களே இறங்குகிறோம் என்றால் தலைவர் தடுக்க முடியாது.

“சூரியன் மலைக்குப் பின்னால போற வரைக்கும் நான் கயித்தைத் தொட மாட்டேன். அப்புறம் மூணு தடவை கூப்பிடுவேன். கீழேருந்து பதில் வரலைன்னா…” அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்துவனுக்குக் கயிறேறக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

முதலில் கயிற்றை மேலே இழுத்துப் பார்த்தார்கள். நுனி வந்ததும் மருதி துள்ளிவிட்டாள்.

“அண்ணி, பாருங்க! அறுந்து போகல. அண்ணன் அவுத்துட்டுத்தான் போயிருக்கான். அடி வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டான்!”

அப்புறம் மருதி செய்த வேலைதான் ஊரையே முகம் சுளிக்க வைத்தது. கயிற்றை நீளமாகத் தரையில் போட்டு, சிறிது தூரத்துக்கு ஒன்றாக, கால் நுழைகிற மாதிரி வளைய முடிச்சுகள் போட ஆரம்பித்தாள்.

“என்னடி பண்றே? நம்ம ஊர்க்காரன் எவனாவது முடிச்சு போட்ட கயித்துல இறங்குவானா? அவமானம்!” என்று பதறினார் ஒருவர்.

“என் கை நடுவுல விட்டுப் போகும். விட்டுப் போனா காலை மாட்டிக்க ஒரு இடம் வேணும்” என்று சொல்ல மருதிக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. “எனக்கு இப்படித்தான் இறங்கத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். தாழை வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

இறங்குமுன் ஒரு சத்தியம் பாக்கி இருந்தது. கயிற்றூரில் கயிற்றில் கை வைப்பவர், பிடிப்பவரானாலும் இறங்குபவரானாலும், ‘குறையில்லை’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடம்பில் குறை வைத்துக்கொண்டு பொய் சொன்னால் கயிறு அறுந்துவிடும் என்பது நம்பிக்கை.

“குறையில்லை” என்றார் பூதன் மாமா.

“குறையில்லை” என்றாள் தாழை, வேகமாக.

“குறையில்லை” என்றாள் மருதி. விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இறங்கினார்கள்! தாழை முன்னால், மருதி பின்னால். பாறை ஈரமாக இருந்தது. கீழேயிருந்து குளிர்ந்த காற்று மேலே மேலே வந்தது. தேன்கூடுகளைத் தாண்டினார்கள், பாசிப் படுகையைத் தாண்டினார்கள். ஒவ்வொரு வளையத்திலும் மருதி காலை மாட்டி, கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கி விரித்துவிட்டுத்தான் அடுத்த வளையத்துக்கு வந்தாள்.

“இன்னுமா? சீக்கிரம் வா!” என்று கீழேயிருந்து தாழை கத்துவாள்.

“வரேன் அண்ணி!” என்பாள் மருதி. வலி தோள் வரை ஏறியிருந்தது.

பாறைத் திட்டில் கால் வைத்ததும் மருதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். விரல்கள் நடுங்கின.

தாழைக்கு வந்ததே கோபம்! “உக்காந்துட்டியா? உன் அண்ணன் கீழே உசுரோட இருக்காரோ என்னவோ, உனக்கு இப்பவும் உக்காரணுமா? வீட்டுலதான் சோம்பேறித்தனம்னா இங்கேயுமா?”

“சோம்பேறித்தனம் இல்ல அண்ணி!”

அந்தக் குரல் பள்ளம் முழுக்க எதிரொலித்தது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. விடியற்காலை எரிச்சல், மடங்காத விரல்கள், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, யாரும் நம்பாதது, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அவளே கேவினாள். “நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அண்ணன் எனக்காகத்தான் அந்தக் கல்லைத் தேடிப் போயிருக்கான். அவனுக்கு ஏதாவது ஆனா அதுக்கு நான்தான் காரணம்.”

தாழை மெல்ல வந்து மருதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்காக இல்லடி. எனக்காகப் போனாரு” என்றாள். “எனக்கு வலிப்பு வரும்.”

மருதி நிமிர்ந்து பார்த்தாள்.

“சின்ன வயசுலேருந்து. சொன்னா கல்யாணம் நடக்காதுன்னு எங்க வீட்டுல மறைச்சுட்டாங்க. உங்க அண்ணன்கிட்ட மட்டும் நானே சொன்னேன். வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. நானும் பொய்ச் சத்தியம் பண்ணவதான். கயித்துல இருக்கும்போது வந்தா என்ன ஆகும்னு நினைச்சுத்தான் உன்னை அப்படி விரட்டினேன். உன் மேல கோபம் இல்ல, எனக்குப் பயம்.”

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இருவரும். நினைத்துப் பார்க்க மருதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வரப் போகுதுன்னு முன்னாடியே தெரியுமா அண்ணி?”

“தெரியும். வெல்லம் கருகுற வாசனை வரும். யாருக்கும் வராது, எனக்கு மட்டும் வரும்.”

“வந்தா நான் என்ன பண்ணணும்? கையில இரும்பு குடுக்கணுமா?”

“அதெல்லாம் வேண்டாம். வாயிலயும் எதையும் திணிக்காதே. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழே மெத்துனு எதையாவது வை. அடங்குற வரைக்கும் கூடவே இரு. அவ்வளவுதான்.” தாழை எழுந்தாள். கயிற்றைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். அவள் முகம் மாறியது.

“மருதி… வாசனை வருது.”

ஒரு நொடி கூட மருதி தாமதிக்கவில்லை. அண்ணியைக் கயிற்றிலிருந்து இழுத்து, திட்டின் உட்புறம் படுக்க வைத்து, இடுப்பைக் கயிற்று வளையத்தோடு சேர்த்துக் கட்டினாள். தன் மேல்துணியைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்தாள். கட்டி முடிக்கவும் வலிப்பு தொடங்கவும் சரியாக இருந்தது. தாழையின் கால்கள் பாறையில் படபடவென்று அடித்தன.

அந்தச் சத்தம் வேறு ஒன்றின் காதிலும் விழுந்தது!

திட்டின் மறுகோடியில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது. கன்றுக்குட்டி அளவு உடும்பு. வெள்ளை வெளேரென்று இருந்தது, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். தலையைத் தரையில் வைத்து அதிர்வைக் கேட்டது. பிறகு தாழையின் கால்கள் இருக்கும் திசையில் ஊர்ந்து வந்தது. ஓஹோ, போனவர்கள் திரும்பாத கதை இதுதானா!

அண்ணியின் கால்களை நிறுத்த முடியாது. விட்டு ஓடவும் முடியாது, மருதி ஓடவும் போவதில்லை. இடுப்பில் ஒரு பித்தளைக் குப்பி இருந்தது. வலிக்குத் தேய்க்கிற மூலிகைத் தைலம். மேலே ஏறும்போது அது இல்லாவிட்டால் கை என்ன பாடு படும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உருவி எடுத்தாள். பாறையில் ஒரு பக்கவாட்டுப் பொந்து தெரிந்தது. அதற்குள் ஓங்கி வீசினாள்!

கணகணகணவென்று குப்பி பொந்துக்குள் உருண்டு உருண்டு போனது. உடும்பு சட்டென்று திரும்பியது. வாலைச் சுழற்றிக்கொண்டு அந்தப் பொந்துக்குள் பாய்ந்து மறைந்தது. மருதி பக்கத்தில் கிடந்த பாறைகளை ஒவ்வொன்றாய் நகர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, பொந்தின் வாயை அடைத்துவிட்டு வந்தாள். வலியில் கண்ணீர் தானாக வழிந்தது.

வலிப்பு அடங்கியது. தாழை அயர்ந்து தூங்கினாள். மருதி அவள் தலையைக் கோதியபடி காத்திருந்தாள். காத்திருப்பது எப்படி என்று மருதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண் விழித்ததும் தாழை எழ முயன்றாள். “வா, இறங்கலாம்.”

“முடியுமா அண்ணி?”

“முடியும்னு சொல்லத்தான் வாய் வருது.” தாழை பெருமூச்சு விட்டாள். “முடியாதுடி. தலை சுத்துது.”

“அப்ப இங்கேயே இருங்க. நாங்க ஏறி வரும்போது மேலேருந்து இழுக்க ஒரு ஆள் வேணும்.”

மருதி தனியாக இறங்கினாள். வளையத்துக்கு வளையம் நின்று, நின்று. கடைசி வளையத்தை விட்டு இறங்கியபோது கணுக்கால் வரை சில்லென்ற மணல். ஒரு மூலையில் மங்கலான நீல வெளிச்சம்!

“அண்ணே!”

“மருதியா? இங்க… இங்க இருக்கேன்!”

அந்துவன் ஒரு பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தான். உடும்பு துரத்த ஓடி விழுந்ததில் கால் முறிந்திருந்தது. பாறையில் கசிந்த நீரை நக்கி உயிர் பிழைத்திருக்கிறான். அவன் கையில் கோழிமுட்டை அளவு கல் ஒன்று நீலமாக ஒளிர்ந்தது. மருதி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“லூசு அண்ணே! எதுக்கு இந்த வேலை? யாருக்காக?”

“ரெண்டு பேருக்கும்தான். ஒரு கல்லு போதாதா? காலையில நீ சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு எழுந்திரிக்கிறதை நான் பார்த்ததே இல்லைன்னு நினைச்சியா?”

பார்த்திருக்கிறான்! வீட்டில் ஒருவராவது பார்த்திருக்கிறார்கள்! அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு ஆழ்வாயில் கூட இறங்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மணலில் கிடந்த காய்ந்த கிளை ஒன்றை உடைத்து அண்ணன் காலில் வைத்துக் கட்டினாள். “நீ ஏன் அண்ணே மேலே சத்தம் குடுக்கல? கயித்தை அறுக்க இருந்தாங்க!”

“சத்தம் குடுக்கலையா? தொண்டை கிழியக் கத்தினேன்! பூதன் மாமா கூப்பிட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அவர் கூப்பிடக் கூப்பிட நான் பதில் சொன்னேன். அவர்தான் காதுலயே வாங்கல.”

மருதியின் கை நின்றது. பேசுபவர் வாயையே உற்றுப் பார்க்கிற பூதன் மாமா. எல்லோரும் திரும்பிய பிறகே திரும்பிய பூதன் மாமா. விளிம்பில் நின்று கேட்கிற உரிமை கயிற்றுத் தலைவருக்கு மட்டும்தான், மற்றவர்கள் கீழேயிருந்து வரும் சத்தம் கேட்காத தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

“ஐயோ! அவருக்குக் காது கேக்கல அண்ணே! அவரும் ‘குறையில்லை’ன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு!”

இனி ஒரு நொடியும் வீணாக்க முடியாது. நல்ல காலை வளையத்தில் மாட்டி, கையால் எம்பி, அடுத்த வளையத்தில் உட்கார்ந்து, அந்துவன் ஏறினான். கீழேயிருந்து மருதி அவன் காலைத் தாங்கினாள். வளையம் இல்லாத வெறுங்கயிறாக இருந்தால் அவன் ஒரு முழம் கூட ஏறியிருக்க மாட்டான். திட்டை நெருங்கியதும் இரண்டு கைகள் நீண்டு அவனை அக்குளில் பிடித்துத் தூக்கின.

“ஏங்க… ஏங்க…” என்று தாழை அவனைக் கட்டிக்கொண்டாள்.

அந்துவன் குளிர்மணியை அவள் கையில் வைத்தான். தாழை அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. நேராகத் திரும்பி மருதியின் நெற்றியில் வைத்தாள்!

“முதல்ல உங்களுக்கு அண்ணி.”

“பேசாம இருடி. கை எப்படி நடுங்குது பாரு.”

வைத்தார்கள், காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தாழையின் நெற்றியிலும் வைத்தார்கள். கல் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அந்துவனின் முகம் சுருங்கிப் போனது.

“விடுங்க, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள் தாழை. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பின் மேல் பூதன் மாமாவின் குரல் வந்து விழுந்தது.

“அந்துவா! தாழை! மருதி!”

பள்ளத்துக்குள் விழுந்த வெளிச்சம் மங்கியிருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது!

“இருக்கோம் மாமா! அறுக்காதீங்க!” மூவரும் கத்தினார்கள். எதிரொலி முட்டி மோதியது.

இரண்டாவது முறையும் அழைத்தார். குரல் உடைந்திருந்தது. மூவரும் மீண்டும் கத்தினார்கள். பயனில்லை.

“கல்லைக் குடுங்க!” என்றாள் மருதி. பல்லில் கல்லைக் கவ்விக்கொண்டு கயிற்றில் தாவினாள். வெளியே துருத்திய பாறைச்சரிவு மேல்வாயை மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால்தான் கல்லின் வெளிச்சம் மாமா கண்ணுக்குத் தெரியும். இரண்டு வளையம், மூன்று வளையம். தைலம் இல்லாத கை நெருப்பாய் எரிந்தது. நான்காவது வளையத்தில் விரல்கள் விட்டுப்போயின! கால் வளையத்தில் மாட்டியிருந்ததால் விழாமல் பாறையில் மோதி நின்றாள்.

“மருதி! மூச்சு விடு! உக்காந்து ஏறு!” கீழேயிருந்து தாழை கத்தினாள். காலையில் விரட்டிய அதே அண்ணி.

மருதி மூச்சு வாங்கினாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். மூன்றாவது அழைப்பு மேலேயிருந்து வந்தது. இன்னும் ஒரு வளையம். சரிவைத் தாண்டினாள்! கல்லை எடுத்து, முழங்கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கையை வெளியே நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

இருண்ட ஆழ்வாயின் சுவரெல்லாம் நீல வெளிச்சம் ஓடியது. மேலே ஓங்கிய அரிவாள் அப்படியே நின்றது. அடுத்த கணம் அது கைநழுவிக் கல்லில் கணீரென்று விழுந்தது.

“உசுரோட இருக்காங்க! இழுங்கடா! எல்லாரும் வாங்க, இழுங்க!”

ஊரே கயிற்றைப் பிடித்தது. ஒவ்வொருவராய் மூவரும் மேலே வந்தார்கள். குரவையும் பறையும் காதைப் பிளந்தன. அந்தக் களேபரத்தில் பூதன் மாமா மட்டும் தள்ளி நின்றிருந்தார்.

“நான் கூப்பிட்டேனே அந்துவா, நீ பதிலே சொல்லலையே” என்றார்.

மருதி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அவருக்குத் தெரியும்படி, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள். “சொன்னான் மாமா. உங்களுக்குத்தான் கேக்கல. எனக்குக் கை விட்டுப் போகும். அண்ணிக்கு வலிப்பு வரும். உங்களுக்குக் காது கேக்காது. மூணு பேரும் பொய் சொன்னோம். கயிறு அறுந்து போகல. ஆனா நீங்க அறுத்திருப்பீங்க.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தாழை அவர் தோளைத் தொட்டாள். கூட்டத்தில் எத்தனை பேர் தங்கள் முதுகையும், மங்கிய கண்ணையும், இளைக்கிற நெஞ்சையும் நினைத்துக்கொண்டார்களோ, யார் கண்டது!

அதன் பிறகு கயிற்றூரில் சத்தியம் மாறிவிட்டது. கயிற்றைத் தொடுமுன் அவரவர் குறையைச் சொல்ல வேண்டும். அதற்குத் தக்கபடி ஆள் நிற்கும், முடிச்சு விழும். குளிர்மணி யார் நோயையும் தீர்க்கவில்லை. இருட்டில் இறங்குகிறவர்களுக்கு நல்ல விளக்காக இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. மறுநாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். மருதியால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. ஒரு விரல் மடங்கவில்லை. வாசலில் ஊர் திரண்டிருந்தது. ஆழ்வாய்க்குப் போய்வந்த பெண்ணுக்கு மாலை போட வேண்டுமாம், ஊர்வலம் வைக்க வேண்டுமாம்.

எழுந்து போகாவிட்டால் மறுபடியும் சோம்பேறி என்பார்களே என்று மருதி கையை ஊன்றினாள். அப்போது வாசலில் அண்ணியின் குரல் கேட்டது. தாழை நிலைப்படியில் கையை ஊன்றி வழியை மறித்து நின்றிருந்தாள்.

“அவளுக்கு உடம்பு சரியில்ல. வலி இருக்கு, வெளியே தெரியாது. இன்னிக்கு அவளால முடியாது. நாளைக்கு வாங்க, நாளைக்கும் முடியலைன்னா நாளான்னிக்கு வாங்க.”

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலையைத் திண்ணையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கலைந்து போனார்கள். மருதி ஊன்றிய கையை எடுத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினாள்.